17 ஆண்டுகள் ஓட்டிய பிறகு வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டேன்

ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது, 12ஆவது கொண்டை ஊசி வளைவுக்கும் 11ஆவது வளைவுக்கும் இடையே வலப்பக்கம் திரும்பும் ஒரு சாதாரண வளைவு இருக்கிறது. எண் பலகை வைக்கும் அளவுக்குக்கூடக் கடினமானது அல்ல. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பின்னால் என் மனைவி உட்கார்ந்திருக்க, அந்த வளைவில் வண்டியைத் திருப்பாமல் நேரே கொண்டுபோய்த் தடுப்புச் சுவரில் மோதினேன். எதிரே பஸ் வரவில்லை. ரோட்டில் மண் இல்லை, மழை இல்லை, குரங்கு குறுக்கே ஓடவில்லை. வேகம் 45 கிலோமீட்டருக்கு மேல் இருந்திருக்காது. அவளுடைய இடது மணிக்கட்டு முறிந்தது. எனக்கு முழங்காலில் 7 தையல்.

வீட்டில் எல்லாரிடமும் "வண்டி சறுக்கிவிட்டது" என்று சொன்னேன். பத்து நாள் கழித்து மெக்கானிக் வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது, "டயர் நன்றாக இருக்கிறது, பிரேக் நன்றாக இருக்கிறது, எதனால் விழுந்தீர்கள் சார்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. நினைவில் இருந்தது ஒன்றுதான்: கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட அந்தச் சுவர், பெரிதாகிக்கொண்டே என்னை நோக்கி வந்தது.

அப்போது எனக்கு 36 வயது. 19 வயதில் ஆர்டிஓ மைதானத்தில் 8 போட்டு லைசென்ஸ் வாங்கியதோடு என் பயிற்சி முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு 17 ஆண்டுகள், தினமும் அலுவலகத்துக்கும், விடுமுறையில் கொல்லிமலைக்கும் வால்பாறைக்கும் ஓட்டியிருக்கிறேன். கொல்லிமலையின் 70 வளைவுகளையும் ஏறி இறங்கியவனுக்கு இனி என்ன கற்க இருக்கிறது என்றுதான் எண்ணியிருந்தேன். உண்மையில் அந்த 17 ஆண்டுகளும் நான் செய்தது, முதல் ஆண்டில் பழகிய தவறுகளைத் திரும்பத் திரும்பச் செய்து கையில் ஊறவைத்ததுதான்.

மணிக்கட்டுக் கட்டு பிரித்த பிறகு என் மனைவி வண்டியில் ஏறவில்லை. காரணம் சொல்லவும் இல்லை. "நான் பஸ்ஸில் வந்துவிடுகிறேன், நீங்கள் முன்னால் போங்கள்" என்பாள். அந்த ஒரு வாக்கியம் என்னை அரித்தது. அலுவலகத்தில் என்னைவிட எட்டு வயது சின்னவன் ஒருவன், பந்தயத் தடத்தில் ஓட்டிப் பழகுகிறவன், ஒரு நாள் தேநீர் நேரத்தில் நான் விழுந்த கதையைக் கேட்டுவிட்டு, "அண்ணா, நீங்கள் ஒரு முறை டிராக்கில் பயிற்சி எடுங்கள். வேகத்துக்காக இல்லை. எதனால் விழுந்தோம் என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது" என்றான்.

பந்தயத் தடம் பந்தயக்காரர்களுக்கு மட்டும் உரியது என்பது என் எண்ணமாக இருந்தது. அது தவறு. பந்தயம் இல்லாத நாட்களில், கட்டணம் கட்டி, சொந்த வண்டியில், யாருடனும் போட்டியின்றி ஓட்டிப் பழக விடுவதுதான் டிராக் டே. அதிலேயே பயிற்றுநர்களும் வகுப்பும் சேர்ந்தால் அது பயிற்சிப் பள்ளி. தமிழ்நாட்டில் பிறந்தவர்களுக்கு இதில் ஒரு கொடுப்பினை உண்டு. நாட்டின் பழைய பந்தயத் தடங்களில் இரண்டு இங்கேதான் இருக்கின்றன. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதையில் பல்லாண்டுகள் பந்தயம் நடத்திவந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், 1990இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் சொந்தத் தடத்தைத் திறந்தது. ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். மற்றொன்று கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில், பந்தய வீரரும் பந்தயக் கார் வடிவமைப்பாளருமான எஸ். கரிவரதன் பெயரில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே. வேறு மாநிலத்தவர்கள் லாரியில் வண்டியை ஏற்றிக்கொண்டு ஓரிரு நாள் பயணம் செய்து வருகிற இடத்துக்கு, நாம் விடியற்காலையில் புறப்பட்டால் போதும்.

நேரே தடத்துக்குப் போவதற்கு முன் ஒரு காலி மைதானத்தில் ஒரு நாள் அடிப்படை வகுப்பு எடுத்தேன். அங்கே பிரேக் பிடிப்பது ஒன்றைத்தான் நாள் முழுவதும் செய்தோம். அதுவே போதுமானதாக இருந்தது. முன் பிரேக்கைத் தொட்டால் வண்டி கவிழும் என்று சிறுவயதில் யாரோ சொன்னதை நம்பி, நான் எப்போதும் பின் பிரேக்கையே மிதித்துவந்தேன். பிரேக் பிடித்ததும் எடையில் பெரும்பகுதி முன்சக்கரத்துக்கு வருகிறது. பின்சக்கரம் ஏறக்குறைய வெறுமையாகிவிடுகிறது. அதனால் நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. ஆனால் வெடுக்கென்று இழுக்கக் கூடாது. முதலில் லேசாகப் பிடித்து, முன்பக்கம் அமிழ்ந்து டயர் தரையில் அழுந்தியதை உணர்ந்து, அதன் பிறகு இறுக்க வேண்டும். எலுமிச்சம்பழம் பிழிவது போல என்றார் பயிற்றுநர்.

அன்று கரும்பலகையில் போட்ட ஒரு கணக்கு இன்றும் என்னுடன் இருக்கிறது. காய்ந்த ரோட்டில் நன்றாகப் பிரேக் பிடிக்கும் ஒருவர் ஒவ்வொரு நொடியிலும் தன் வேகத்தை நொடிக்கு 7 மீட்டர் என்ற அளவில் குறைக்கிறார் என்று கொள்வோம். ஆபத்தைக் கண்டு பிரேக்குக்குக் கை போக 1 நொடி. 40 கிலோமீட்டர் வேகத்தில் அவர் நிற்க ஏறக்குறைய 20 மீட்டர் வேண்டும். 60இல் 37 மீட்டர். 80இல் 57 மீட்டர். அந்தத் தூரங்களை மைதானத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டுக் காட்டினார்கள். 80க்கான கோட்டில் போய் நின்று திரும்பிப் பார்த்தபோது வயிறு கலங்கியது. அலுவலகம் போகும் வழியில், முன்னால் போகும் பஸ்ஸுக்கு 10 மீட்டர் பின்னால் 60இல் போய்க்கொண்டிருந்தவன் நான்.

பிறகு இருங்காட்டுக்கோட்டை. வாடகை மினி டிரக்கில் வண்டியை ஏற்றி, சேலத்திலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து முந்தைய இரவே போய்ச் சேர்ந்தேன். காலை 6 மணிக்கு வண்டிச் சோதனை. ரியர்வியூ கண்ணாடிகளைக் கழற்றச் சொன்னார்கள். முகப்பு விளக்குக்கு டேப் ஒட்டினார்கள். விழுந்தால் தடத்தில் கண்ணாடிச் சில் சிதறக் கூடாது என்பது ஒரு காரணம். இன்னொன்று, பின்னால் வருகிறவரைப் பற்றி நீங்கள் கவலைப்படவே கூடாது. முந்துகிறவருக்குத்தான் முழுப் பொறுப்பு. ஆறடி இடைவெளி விட்டுத்தான் முந்தலாம். செயின் தளர்வு, பிரேக் பேட், எண்ணெய்க் கசிவு எல்லாம் பார்த்தார்கள். டயர் சூடேறினால் காற்றழுத்தம் ஏறும் என்பதால் சற்றுக் குறைத்தார்கள். பிறகு என் பின்டயரின் ஓரத்தில் விரல் வைத்துக் காட்டினார் ஒரு பயிற்றுநர். இரண்டு விரல் அகலத்துக்கு, ரோடே படாத புது ரப்பர் அப்படியே இருந்தது. 17 ஆண்டுகளில் வாங்கிய எந்த டயரின் ஓரமும் தரையில் படும் அளவுக்கு நான் வண்டியைச் சாய்த்ததே இல்லை.

பயிற்சி வரிசை, அமெரிக்காவில் கீத் கோட் 1980இல் தொடங்கிய கலிபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூல் வகுத்த முறை. அந்தப் பள்ளியே இந்தத் தடத்துக்குப் பல முறை வந்து வகுப்பு நடத்தியிருக்கிறது. முறை எளிமையானது: ஒரு வகுப்பு, அதில் ஒரே ஒரு பாடம். உடனே 20 நிமிடம் தடத்தில் அதை மட்டும் செய்து பார்ப்பது. இறங்கியதும் பயிற்றுநருடன் பேசுவது. பிறகு அடுத்த பாடம். நீங்கள் ஓட்டிக்கொண்டிருக்கும்போது பயிற்றுநர் பின்னால் வந்து பார்ப்பார். முன்னால் போய்த் தன் வண்டியின் பின்பக்கத்தைக் கையால் தட்டினால், என் பின்னால் வா, நான் செய்வதைப் பார் என்று பொருள்.

முதல் பாடத்தில் பிரேக்கே பிடிக்கக் கூடாது. ஒரே கியர். ஆக்சிலேட்டரை மட்டும் வைத்து 12 வளைவுகளையும் சுற்ற வேண்டும். வண்டியை வளைவுக்குள் திருப்பி முடித்ததும் மெல்லத் திறக்கத் தொடங்கி, வளைவு முடியும்வரை சீராகத் திறந்துகொண்டே போக வேண்டும். கேட்டதும் எனக்கு இது தற்கொலை என்று தோன்றியது. வளைவில் பயம் வந்தால் ஆக்சிலேட்டரை மூடுவதுதானே வழக்கம்? மூடினால் என்ன ஆகிறது என்பதை அன்றுதான் வண்டியே எனக்குச் சொல்லிக்கொடுத்தது. எடை முன்னால் சாய்கிறது, சஸ்பென்ஷன் அமிழ்கிறது, முன்டயருக்குச் சுமை கூடுகிறது, வண்டி தள்ளாடுகிறது. சீராகத் திறக்கும்போதோ எடை பின்பக்கம் நகர்ந்து, முன்னால் சுமார் 40 விழுக்காடும் பின்னால் 60 விழுக்காடுமாக நிலைகொள்கிறது. வண்டி தண்டவாளத்தில் போவது போலப் போகிறது. ஐந்தாவது சுற்றில் அதை முதன்முறையாக உணர்ந்தபோது ஹெல்மெட்டுக்குள் சத்தம்போட்டுச் சிரித்தேன்.

அடுத்த பாடம், எங்கே திருப்புவது என்பது. ஒவ்வொரு வளைவின் வாயிலிலும் தரையில் பெருக்கல் குறி இட்டிருந்தார்கள். அங்கே வரும்வரை திருப்பக் கூடாது. நாம் பெரும்பாலும் பயத்தில் சீக்கிரமே திருப்பிவிடுகிறோம். சீக்கிரம் திருப்பினால் உள்பக்கத்தைச் சீக்கிரம் தொட்டு, வெளியேறும்போது அகலமாகப் போய்விடுகிறோம். மலைப்பாதையில் அகலமாகப் போவது என்றால் எதிர் லேன், அல்லது சுவர்.

மூன்றாவது பாடத்தில்தான் என் கேள்விக்கு விடை கிடைத்தது. மோட்டார் சைக்கிள் வலப்பக்கம் சாய வேண்டுமானால் ஹேண்டிலின் வலது பிடியை முன்னோக்கித் தள்ள வேண்டும். இடப்பக்கத்துக்கு இடது பிடியை. கேட்பதற்குத் தலைகீழாகத் தோன்றும். ஆனால் 30 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் எல்லாரும், தெரிந்தோ தெரியாமலோ, இப்படித்தான் திருப்புகிறார்கள். தெரியாமல் செய்கிறவரிடம் ஒரு சிக்கல் உண்டு. பயந்ததும் இரண்டு கைகளும் விறைத்துக்கொள்கின்றன. வலது கை தள்ளுவதை இடது கை தடுக்கிறது. வண்டி எந்தப் பக்கமும் சாயாமல் நேரே போகிறது.

இடைவேளையில் ஏற்காட்டுச் சுவரைப் பற்றி என் பயிற்றுநரிடம் சொன்னேன். அவர் என்னை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து, கண்ணை மூடி அந்த நொடியைச் சொல்லச் சொன்னார். வளைவு எதிர்பார்த்ததைவிட இறுக்கமாகத் தெரிந்தது. ஆக்சிலேட்டரை மூடினேன். பிரேக்கை இறுக்கினேன். கைகள் கல்லாகிவிட்டன. கண்கள் சுவரில்.

"சாய்ந்திருக்கும் வண்டியில் முன் பிரேக்கை இறுக்கினால் அது நிமிரும், நேரே போகும். கை விறைத்தால் திருப்ப முடியாது. கண் எங்கே பார்க்கிறதோ அங்கே போவோம். மூன்றையும் சேர்த்துச் செய்திருக்கிறீர்கள். 45 கிலோமீட்டர் என்றீர்கள் அல்லவா? அந்த வேகத்தில் உங்கள் வண்டி அந்த வளைவை அலட்டிக்கொள்ளாமல் திரும்பியிருக்கும் சார். இன்னும் சாய அதற்கு இடம் மிச்சம் இருந்தது. நீங்கள்தான் கேட்கவில்லை."

ஆறுதலாகச் சொன்ன சொல் அது. எனக்கு அது வலித்தது. டயர் ஓரத்தில் அந்த இரண்டு விரல் ரப்பர் கண்முன் வந்தது. அவளுடைய மணிக்கட்டைக் காப்பாற்றத் தேவையானது முழுவதும் அந்த இரண்டு விரல் அகலத்தில் இருந்தது.

மதியத்துக்கு மேல் உடலைத் தளர்த்துவது பற்றிய பாடம். தொடைகளால் பெட்ரோல் டாங்க்கைப் பிடித்துக்கொண்டு கைகளை முற்றிலும் விடுவிக்க வேண்டும். வளைவில் போகும்போதே முழங்கைகளைக் கோழி சிறகடிப்பது போல ஆட்டிக் காட்டச் சொன்னார்கள். ஆட்ட முடிந்தால் கை தளர்ந்திருக்கிறது. இன்றும் மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவுக்கும் முன் ஒரு முறை முழங்கையை அசைத்துப் பார்க்கிறேன். கடைசியாகப் பார்வை: திருப்பும் இடத்தைப் பார்த்து வர வேண்டும். ஆனால் அதை அடைவதற்குச் சற்று முன்பே கண்ணை அங்கிருந்து எடுத்து வளைவின் உள்முனைக்குக் கொண்டுபோய்விட வேண்டும். வண்டி இன்னும் நேரே போய்க்கொண்டிருக்க, கண் மட்டும் வளைவுக்குள் போய்விடும் அந்த அரை நொடி பழகுவதற்குத்தான் எனக்கு மிக நீண்ட காலம் பிடித்தது.

அதன் பிறகு ஆண்டுக்கு இரண்டு அல்லது மூன்று டிராக் டே என்று வைத்துக்கொண்டேன். கோயம்புத்தூரில் ஒரு ஜூலை மாதம் விழுந்தேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பக்கவாட்டில் வீசிக்கொண்டிருந்தது. மதியச் சாப்பாடு முடிந்த முதல் ஓட்டம். டயர் ஆறியிருந்தது, நானும் மந்தமாக இருந்தேன். காலையில் ஓட்டிய வேகத்திலேயே இரண்டாவது வளைவுக்குள் சாய்த்தேன், முன்டயர் வழுக்கியது. தவறு முழுவதும் என்னுடையது. லெதர் சூட்டின் முழங்கை தேய்ந்தது, உடம்பில் ஒரு கீறல் இல்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு இடைவேளைக்குப் பிறகும் முதல் இரண்டு சுற்றுகள் மெதுவாகத்தான் போவேன். மாலையின் கடைசி ஓட்டத்தில் களைப்பு தெரிந்தால் இறங்கிவிடுவேன். கட்டிய பணம் வீணாகிறதே என்று தோன்றும், தோன்றட்டும்.

தடம் பாதுகாப்பான இடம் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. 2023 ஆகஸ்டில் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயம் ஒன்றில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். எதிரே வண்டி வராது, மருத்துவ வண்டி தயாராக நிற்கும், கொடி காட்ட ஆள் உண்டு. அந்த அளவுக்கு ரோட்டைவிட மேல். அதற்கு மேல் எதையும் எதிர்பார்க்கக் கூடாது. அதனால்தான் உடை விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. தலையில் சரியாகப் பொருந்தும் முழு முக ஹெல்மெட், தாடைப் பட்டையில் இரட்டை வளையப் பூட்டுடன். ஒரே உடையாகவோ, இடுப்பில் ஜிப்பால் இணைவதாகவோ லெதர் சூட். முதுகுத் தடுப்பு. மணிக்கட்டை மூடும் கையுறை, கணுக்காலை மூடும் பூட்ஸ். பல இடங்களில் சூட் வாடகைக்குக் கிடைக்கிறது. முதல் நாளிலேயே வாங்க வேண்டியதில்லை. சென்னை வெயிலில் அந்தச் சூட்டுக்குள் இருப்பது கொடுமை. தாகம் எடுப்பதற்கு முன்பே உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடித்துக்கொண்டிருக்க வேண்டும். தலைவலி வந்த பிறகு குடித்துப் பயனில்லை.

வண்டியை டிரக்கில் கொண்டுபோனதற்கும் காரணம் உண்டு. விழுந்தால் வீடு திரும்ப வழி வேண்டும். அதைவிட முக்கியமானது, நாள் முழுவதும் வேகமாக ஓட்டிய கண்ணுக்கு நெடுஞ்சாலையில் 80 என்பது நடப்பது போலத் தெரியும். அந்த மாலை ஓட்டுவதுதான் ஆபத்தானது. இன்சூரன்ஸ் பாலிசியையும் ஒரு முறை எடுத்துப் படியுங்கள். நம் நாட்டு மோட்டார் பாலிசிகள் பந்தயத்தையும் வேகச் சோதனையையும் விலக்கியே எழுதப்பட்டிருக்கின்றன. தடத்தில் உடைந்ததற்கு நம் பையிலிருந்துதான் செலவு. சிறிய வண்டியில் கற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். என்னுடையது 200 சிசி வண்டி. நேர்ப்பாதையில் எல்லாரும் என்னை முந்திப் போனார்கள், வளைவுகளில் நான் கற்றுக்கொண்டேன். பெரிய வண்டி வைத்திருந்தவர்கள் நேர்ப்பாதையில் கிடைத்த வேகத்தைச் சமாளிப்பதிலேயே நாளைக் கழித்தார்கள்.

பணம் கட்ட இயலாதவர்களுக்கு ஒன்று சொல்வேன். காலி மைதானம் ஒன்றைக் கண்டுபிடித்து, மாதம் ஒரு முறை, 40இல் வந்து நிறுத்திப் பாருங்கள். பத்து முறை. நின்ற இடத்தில் ஒரு செங்கல் வையுங்கள். பிறகு மெதுவாக 8 போடுங்கள், லைசென்ஸுக்குப் போட்ட அதே 8. இந்த முறை கண்ணை முன்சக்கரத்தில் வைக்காமல், அடுத்து எங்கே போக வேண்டுமோ அங்கே வைத்து.

தடத்தில் கற்றவற்றில் எது ரோட்டுக்கு வரும், எது வராது என்பதைப் பிரித்துக்கொள்ளவும் வேண்டும். முழங்காலைத் தரையில் தேய்ப்பது வராது. வளைவின் முழு அகலத்தையும் பயன்படுத்துவது வராது. நம் பாதி மட்டுமே நமக்கு உரியது. அடுத்த வளைவுக்குப் பின்னால் நெல் காயலாம், மாடு படுத்திருக்கலாம், லாரி டீசல் சிந்தியிருக்கலாம். அதனால் ரோட்டில் என் வேகத்தைத் தீர்மானிப்பது, எவ்வளவு தூரம் ரோடு தெரிகிறது என்பதுதான். தெரிகிற தூரத்துக்குள் நிற்க முடிய வேண்டும். சுண்ணாம்புக் கோடுகள் அங்கே உதவுகின்றன. வளைவில் ரோட்டின் இரண்டு ஓரங்களும் ஒன்றுசேர்வது போலத் தெரியும் புள்ளியைப் பார்த்துக்கொண்டே போகிறேன். அது விலகி ஓடினால் வளைவு திறக்கிறது. அருகே வந்துகொண்டிருந்தால் வளைவு இறுகுகிறது, நிமிர்ந்திருக்கும்போதே வேகத்தைக் குறைக்க வேண்டும். அன்று ஏற்காட்டில் அந்தப் புள்ளி என்னிடம் முன்கூட்டியே சொல்லியிருக்கும். எனக்கு அதன் மொழி தெரியாது.

இரண்டாண்டுகள் கழித்து ஒரு தை மாதக் காலையில் என் மனைவி, "ஏற்காட்டில் அத்தையைப் பார்த்து நாளாகிறது, வண்டியிலேயே போகலாமா?" என்று கேட்டாள். நான் கையுறையும் ஜாக்கெட்டும் அவளுக்கும் வாங்கி வைத்து ஓராண்டாகியிருந்தது. ஏறும்போது அவள் என் தோளை இறுகப் பிடித்திருந்தாள். மாலையில் இறங்கினோம். ஒவ்வொரு வளைவுக்கு முன்பும் முழங்கையை அசைத்தேன், கண்ணை முன்னால் அனுப்பினேன். எங்கோ ஓரிடத்தில் தோளிலிருந்த பிடி தளர்ந்ததை உணர்ந்தேன்.

அடிவாரத்தில் டீக்கடையில் நிறுத்தினோம். ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே, "அந்தச் சுவரை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள், பார்த்தீர்களா?" என்று கேட்டாள்.

நான் பார்க்கவில்லை.